சூதாடி என்று எழுதித் தர மாட்டோம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். போட்டிருந்தால் இன்றைக்கு நான் எழுத்துபூர்வமான சூதாடி.

சிரிக்காதீர்கள். நிஜம்.

வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், அமெரிக்க முதலாளிகளின் வால்வு தொழிற்சாலை ஒன்றில், லேப் கெமிஸ்ட். உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நான் போக்கர் ஆடுவேன்.

எப்படி ஆரம்பித்தது? எங்கள் ரெக்ரியேஷன் ரூமில் ஒரு கேரம் போர்டும், தொப்பை பெருத்த மானிட்டரோடு ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்ப அரை மணி நேரம் ஆகும். ஒருநாள் பாய்லர் ஆபரேட்டர் முனிரத்தினம் ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "நைனா, இங்க ஓசில சீட்டாடலாம், வாங்கோ" என்று கூப்பிட்டார். ஆரம்பாக்கத்துக்காரர். ஆந்திரா எல்லையில் பிறந்தவர் என்பதால் எல்லோருமே அவருக்கு நைனாதான் — பெண்பிள்ளை நான் உட்பட!

கையில் இரண்டு சீட்டு. மேஜையில் ஒவ்வொன்றாக ஐந்து சீட்டு விழும். எல்லாம் சேர்த்து யார் கை பெரியது என்று பந்தயம். பந்தயத்துக்கு வெப்சைட்டே பொய்க் காசு கொடுக்கும். தீர்ந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் மறுபடியும் கொடுக்கும். இப்படி ஒரு ரிசர்வ் பாங்க் நமக்கு எங்கே கிடைக்கும்?

மூன்றாவது ஆள் நசீர் பாய். பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி என்று பன்னிரண்டு வருஷமாக வருகிறவர். ஸ்டோர்ஸில் அசிஸ்டென்ட். முதல் நாள் அவர் உட்காரவே இல்லை. நின்றபடியே முனிரத்தினத்திடம் மூன்று தடவை கேட்டார். "துட்டு கிடையாதே? கண்டிப்பா கிடையாதே?" கிடையாது என்று நிச்சயமான பிறகுதான் நாற்காலியை இழுத்தார். ஒரே வாரத்தில் எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாக ஆடினார்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பெயர், ஒரே கை. 'சீட்டைக் கவிழ்க்கலாமா, பந்தயத்தை ஏற்றலாமா' என்று நாங்கள் கட்சி கட்டிச் சண்டை போட்டு முடிப்பதற்குள், எதிரே ஆடுகிற ஏதோ ஒரு தேசத்துக்காரர் தூங்கியே போயிருப்பார். நாள் முழுக்க நாசியில் ஏறிய ஆசிட் நெடி அந்த அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். அவ்வளவுதான் எங்கள் 'சூதாட்டம்'.

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. இன்டர்நெட் சூதாட்டக் கம்பெனிகளுக்குப் பாங்குகள் மூலமாகப் பணம் போகக் கூடாது என்று. நல்லது. போக வேண்டாம். எங்களிடம் அனுப்பப் பணமும் இல்லை, வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை.

ஆனால் சட்டம் என்பது மேலேயிருந்து இறங்கி வரும்போது ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்சம் சதை போடும். அங்கே பாங்குக்காரர்களுக்குச் சொன்னது, எங்கள் தலைமை அலுவலகத்தில் 'எல்லா ஊழியர்களுக்கும்' என்று ஆனது. சென்னை ஆபீசில் 'உடனடியாக' சேர்ந்தது. கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தபோது அது ஒரு ஃபாரம். கம்ப்யூட்டரில் யார் யார் எந்த வெப்சைட்டைப் பார்த்தார்கள் என்று, ரெக்ரியேஷன் ரூம் ரிஜிஸ்டரையும் வைத்துத் தோண்டி எடுத்த லிஸ்டில் மொத்தம் மூன்று பெயர்.

எச்.ஆர். மேனேஜர் சேஷாத்ரி கெட்டவர் இல்லை. ஃபாரத்தை என் பக்கம் தள்ளி, "சும்மா ஃபார்மாலிட்டி மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும்" என்றார்.

கம்பெனிச் சொத்தைப் பயன்படுத்தி நான் சூதாடினேன், அதற்கு வருந்துகிறேன், இனி சூதாட மாட்டேன். இங்கிலீஷில் நாலே வரி. ஒரு கையெழுத்துதானே, தொலையட்டும்... பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் நசீர் பாய் உள்ளே வந்தார். அவருக்கும் ஒரு ஃபாரம். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு வார்த்தையில் விரல் நின்றது.

"இன்னா மேடம் இது? கேம்ப்ளிங்னா சூதாட்டம்தானே?"

"ஆமா பாய்."

காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டார். "நான் சூதாடல சார்."

"பாய், இது எல்லா பிளான்ட்டுக்கும் பொதுவான ஃபார்மட். யாரும் படிக்கக்கூட மாட்டாங்க."

"நான் படிச்சிட்டேனே சார். சூது எங்களுக்கு ஹராம். லாட்டரி ஊரெல்லாம் வித்தப்போகூட ஒரு சீட்டு தொட்டதில்ல. துட்டு இல்லன்னு தெரிஞ்சுதான் ஒக்காந்தேன். இப்ப சூதாடினேன்னு நானே எழுதிக் குடுத்துட்டு, ஊட்டுக்குப் போய் எந்த மூஞ்சோட தொழுவேன்?"

சேஷாத்ரி குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் போஸ்டுக்கு உங்க பேரு போயிருக்கு. இந்த நேரத்துல பேஜாரு வேணாம் பாய்."

பாய் வணக்கம் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் பேனாவை மூடினேன். வெட்கமாக இருந்தது. அந்த நாலு வரியை நானும்தான் படித்திருந்தேன். பொய் என்று எனக்கும்தான் தெரியும். எனக்கு மட்டும் ஏன் உறைக்கவில்லை?

கேன்டீனில் முனிரத்தினத்தைப் பிடித்தேன். மனிதர் காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்!

"லீவு ஃபாரம்னு நெனச்சி போட்டுக்கினு வந்துட்டேன் நைனா. இன்னா எழுதியிருந்தது?"

சொன்னேன். பாதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நேராக எச்.ஆருக்குப் போனார். ஃபைலில் போனது திரும்பி வராது என்றார்கள். "வராதா? சரி, அதுக்கு மேல இன்னொண்ணு வெக்கறேன். ரெண்டும் சேர்ந்து இருக்கட்டும்" என்று திரும்பி வந்து என்னிடம் காகிதம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஆளுக்கொரு கடிதம் கொடுத்தோம். தமிழில். வாசகம் என்னுடையது, ஒவ்வொரு வரியையும் பாய் பார்த்துச் சரி சொன்னார். 'நாங்கள் போக்கர் ஆடினோம். பணம் வைத்து ஆடவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியுடையது, அதில் இனி ஆட மாட்டோம். சூதாடினோம் என்பது பொய். அதில் கையெழுத்துப் போட மாட்டோம்.' முனிரத்தினத்தின் கடிதத்தில் மட்டும் ஒரு வரி கூடுதல்: 'செவ்வாய்க்கிழமை போட்ட கையெழுத்து படிக்காமல் போட்டது.'

"ஹெட் ஆபீஸ் இதை ஏத்துக்காது மேடம்" என்றார் சேஷாத்ரி.

"அவங்க ஏத்துக்க வேணாம் சார். ஃபைல்ல இருந்தா போதும்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

அதர்மம் தோற்று தர்மம் ஜெயித்தது என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. மூன்று பேருக்கும் மெமோ. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டோர்ஸ் இன்சார்ஜாகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பன்னிரண்டு வருஷமாக எந்த போல்ட் எந்த ரேக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நசீர் பாய், புது மனிதருக்கு ரேக் ரேக்காக அழைத்துப் போய்க் காட்டிக்கொண்டிருந்தார்.

"வருத்தமா பாய்?" அபத்தமான கேள்வி. இருந்தும் கேட்டேன்.

"வருத்தம் இல்லன்னா அதுவும் பொய்தான் மேடம். ரெண்டு நாள் சோறு எறங்கல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா தூக்கம் நல்லா வந்துச்சி."

அப்புறம்? நாங்கள் ஆட்டத்தை விட்டோமா?

திங்கட்கிழமை முனிரத்தினம் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்தார். எங்கே ஆடுவது? ஸ்டேஷன் பக்கம் மரத்தடியில் ஆடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒளிந்து ஆடினால்தான் அது சூதாட்டம் மாதிரி இருக்கும் என்று பாய் மறுத்துவிட்டார். ஆக, கேன்டீனில். மதியச் சாப்பாட்டு இடைவேளையில். வாசலைப் பார்த்த நடு மேஜையில். பொய்க் காசுக்குப் பதில் கேரம் காய்கள். முதல் நாள் எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் தட்டோடு வந்து சுற்றி நின்றார்கள். வெல்டிங்கில் இரண்டு பேர், 'நமக்கும் சீட்டு போடுங்க' என்று சேர்ந்தும் கொண்டார்கள்.

போன வியாழக்கிழமை, திடீரென்று கூட்டம் விலகியது. சேஷாத்ரி. பாய்க்குப் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாய் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இரண்டு ஆட்டின், மேஜையில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒரு ஆட்டின் வந்தால் ஐந்தும் ஒரே இனமாகி ஃப்ளஷ், பெரிய கை. ஆனால் முனிரத்தினம் வெறி பிடித்தவர் மாதிரி கேரம் காய்களை ஏற்றிக்கொண்டே போனார். பாய் யோசித்தார். சீட்டைக் கவிழ்த்துவிடலாமென்று கை தாழ்ந்தது.

"கவுத்துடாதீங்க பாய்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கடைசிச் சீட்டையும் பார்த்துடுங்க."

கேன்டீனே சேஷாத்ரியைப் பார்த்தது. பாய் காய்களை முன்னால் தள்ளினார். கடைசிச் சீட்டு... இஸ்பேட். பாய் தோற்றார்.

"தோத்தாலும் நீங்க ஆடினது கரெக்ட்" என்றார் சேஷாத்ரி, மிகவும் மெதுவாக. பிறகு, வந்த வேலை ஞாபகம் வந்தவர்போல வேகமாகப் போய்விட்டார்.

அவருக்கு போக்கர் தெரியும் என்று நாங்கள் யாருக்கும் எழுதித் தரப்போவதில்லை.