நிதானம் அக்கா இல்லாத நாட்களின் சராசரி

மருத்துவமனைகளிலிருந்து கையால் எழுதி வரும் படிவங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. பன்னிரண்டு பேர் அடிப்பார்கள். அந்தப் பன்னிரண்டில் கடைசி இடம் எப்போதும் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் மணிக்கு முப்பது, முப்பத்தைந்து படிவம் என்று தள்ளிக்கொண்டிருக்க, அவர் பத்தொன்பதில் நிற்பார். அவருக்கு நிதானம் அக்கா என்று பேர் வைத்தது யாரென்று தெரியாது. அவரே அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

அக்காவுக்கு இது முதல் வேலை. இருபது வருடம் அண்ணனின் மருந்துக்கடையில் நின்றிருக்கிறார். அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை, அண்ணனுக்கு ஒத்தாசை என்றுதான் பேர். அண்ணனுக்குப் பார்வை மங்கிக் கடை கைமாறிய பிறகு, நாற்பத்தைந்து வயதில் தட்டச்சு கற்றுக்கொண்டு இங்கே வந்தார். அடையாள அட்டையை வீட்டுக்குப் போகும்போதும் கழற்ற மாட்டார். "பஸ்ஸுல நாலு பேர் பார்க்கட்டுமே" என்பார்.

அப்படிப்பட்டவரின் வேலைக்கு வேட்டு வைத்தது நான்தான்.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எல்லோருடைய எண்ணிக்கையையும் எக்செல்லில் போட்டு வைப்பது என் வேலை. மற்றவர்கள் அடிக்கும் கூடத்தில் என்ன நடக்கிறது என்று எழுந்து பார்த்த நாள் குறைவு. எங்கள் சராசரி முப்பது, மேலே கேட்டது முப்பத்தொன்று. "ஏம்மா ஏறவே மாட்டேங்குது?" என்று மேலாளர் கேட்டதும் எனக்கு மேதாவித்தனம் தலைக்கேறிவிட்டது. ஒவ்வொரு பேருக்கு நேராகவும் 'இவர் இல்லாவிட்டால்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அந்த ஒருவரை விட்டுவிட்டால் மீதிப் பதினொரு பேரின் சராசரி எவ்வளவு என்று அது காட்டும். எல்லோரையும்விட வேகமானவரை எடுத்தால் இருபத்தொன்பது சொச்சத்துக்கு இறங்கியது. மற்ற யாரை எடுத்தாலும் பெரிதாக அசையவில்லை. நிதானம் அக்காவை எடுத்தால் மட்டும் கச்சிதமாக முப்பத்தொன்று.

"அட, அந்தம்மா ஒருத்தர்தான் கீழ இழுக்கிறாங்களா?" என்றார் மேலாளர். "இந்த மாசத்தோட அனுப்பிடலாம்."

சும்மா கிடந்த சங்கை நானே எடுத்து ஊதியிருக்கிறேன். மாதம் முடிய எட்டு நாள்தான் இருந்தது.

கணக்கில் எங்காவது பிழை இருக்காதா என்று இரண்டு நாள் தேடினேன். பிழை இல்லை. ஆனால் வேறொன்று அகப்பட்டது. போன மாதம் அண்ணனின் கண் ஆபரேஷனுக்காக அக்கா மூன்று நாள் லீவு எடுத்திருந்தார். என் கட்டத்தின்படி அந்த நாட்களில் முப்பத்தொன்று வந்திருக்க வேண்டும். வந்ததோ இருபத்தெட்டு, இருபத்தேழு, மறுபடி இருபத்தெட்டு. மண்டை காய்ந்துவிட்டது.

கடைசியில் கூடத்துக்குப் போய் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பார்த்தால், நிமிடத்துக்கொரு தரம் யாராவது எழுந்து அக்காவிடம் போகிறார்கள்.

"அக்கா, இது ஒன்னா ஏழா?"

"ஒன்னு. இந்த டாக்டர் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவாரு."

"அக்கா, இது எழுத்தா, பேனா எழுதுதான்னு பார்த்தாரா?"

"இருமல் மருந்துப்பா. கொண்டா இப்படி."

ஒவ்வொரு தடவையும் அக்கா தன் படிவத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்வார், படித்துச் சொல்வார், பிறகு தான் விட்ட இடத்தைத் தேடுவார். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பத்தொரு தடவை. அவர் வரியை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவர்களின் எண்கள் அப்படியே இருக்கும் என்று நினைத்துக் கணக்குப் போட்ட என் புத்தியை எதால் அடிப்பது?

மேலாளரிடம் ஓடினேன். "மூணு நாளை வச்சு எப்படிம்மா சொல்றது? அந்த மூணு நாளும் எழுத்து மோசமா வந்திருக்கலாம்ல" என்றார். நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

"அப்ப சோதிச்சுப் பார்ப்போம் சார். அக்கா நாளைக்கு என் ரூம்ல உட்காரட்டும். கதவைச் சாத்திடலாம். யாரும் உள்ளே வரக்கூடாது."

மறுநாள் காலை அரை மணி நேரம் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள். பிறகு ஒருவர் மெல்ல வந்து, வெளியிலிருந்தே படிவத்தைக் கண்ணாடிச் சுவரில் ஒட்டிப் பிடித்தார். அக்கா ஒரு விரலைக் காட்டினார். பதினொரு மணிக்கெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நாலு பேர் வரிசையில் நின்றார்கள். விரட்டிவிட வந்த மேலாளர், ஒருவர் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் அவரே அதைக் கண்ணாடியில் ஒட்டினார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "அவங்க பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடு."

"சார், நீங்களே வந்து கண்ணாடியில ஒட்டிக் காட்டினீங்களே?" என்றேன்.

"வேலையிலேர்ந்து இல்லம்மா. எண்ணிக்கையிலேர்ந்து. கேட்க வர்றவங்களுக்குப் படிச்சுச் சொல்லட்டும். மிச்ச நேரத்துல அடிச்சா போதும்."

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வேகத்திலேயே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்களை நீக்கினா சராசரி ஏறும்னு போட்டுக் காட்டினதே நான்தான்க்கா."

"என் நம்பரைத் தப்பா போட்டிருந்தியா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன. நான் மெதுவாத்தான் அடிக்கிறேன்." விட்ட இடத்தைத் தேடப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "ஆனா நான் வராட்டி இருபத்தெட்டுக்கு இறங்குதா? அது சரியில்லையே. ஒரு பெரிய தாளும் மார்க்கரும் கொண்டா. எந்த டாக்டர் ஒன்னை எப்படிப் போடுவாரு, ஏழை எப்படிப் போடுவாருன்னு எழுதி ஒட்டிடலாம்."

"சும்மா இருங்கக்கா. எல்லாத்தையும் எழுதி ஒட்டிட்டா அப்புறம் உங்களை யாரு தேடுவாங்க?"

"அண்ணனுக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்கும்மா" என்றார் அக்கா. "நான் நகர்ந்தா கடை ஓடாதுன்னு சொல்லியே இருபது வருஷம் அங்க ஒரு நாள் லீவு கிடைக்கல. இப்பதான் எனக்குன்னு ஒரு வேலை கிடைச்சிருக்கு. இதுல லீவும் இருக்கணும்ல?"

நான் மார்க்கர் எடுத்துவரப் போனேன்.