தரிசு என்றொரு சொல்

“ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்குக் சோலார் கரண்ட் அரசியல் எதுக்கு?” என்று கல்லூரி விடுதியில் ஒருத்தி கேட்டாள். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்குப் போனவள் நான்.

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் குருவிகுளம் பேருந்துக்காக நிற்கிறேன். அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர், தழை ஒடிக்கும் துரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அங்கே வரவிருக்கும் சூரிய மின் நிலையத்துக்கான அறிவிப்பை என்னிடம் நீட்டுகிறார்.

“இத வாசி தாயி.”

“பயன்பாடற்ற தரிசு நிலம்னு போட்டிருக்கு அண்ணாச்சி.”

“தரிசா? அப்போ எங்க ஆடு இம்புட்டு நாளா மண்ணையா தின்னுச்சு?” என்று சிரிக்கிறார். “வெயில்ல கரண்டு எடுக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆடு போற பாதைய விட்டுட்டு வேலி போடச் சொல்லு.”

எங்கள் ஊர் மேய்ச்சல் காட்டுக்கும் இதே சொல்லைத்தான் எழுதினார்கள். அதை வாசித்துச் சொல்ல அன்று வீட்டில் ஆளில்லை. நான் விடுதியில் இருந்தேன். இப்போது அங்கே சூரிய மின் நிலையம் நிற்கிறது. அப்பா ஆடுகளோடு அதன் வேலிக்கு வெளியே நின்று, மின்பலகைகளுக்கு அடியில் முளைத்த புல்லைப் பார்க்கிறார். அந்தக் கம்பியைத் தாண்டி அவரோடு ஒருமுறை நடக்க மனம் ஏங்குகிறது.

நாளை குருவிகுளத்தில் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச, காலையிலேயே என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அதற்கான படிவத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில், ஆடு மேய்த்தல் என்று எழுதியிருக்கிறேன்.