முதலில் யார் கொடுப்பது?

போன செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. மூன்று ஹாரன். கவுஞ்சி வேலுச்சாமி.

மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில் பூண்டு விளைவிக்கிற வேலுச்சாமி, வருடத்துக்கு இரண்டு முறை கொடைக்கானலுக்கு வந்து எங்கள் வீட்டுக்குப் பூண்டு போட்டுவிட்டுப் போவார். அறுவடை முடிந்ததும் வருவார். இது ஐப்பசி. பூண்டு நடுகிற மாதம், விற்கிற மாதம் இல்லை. வண்டியும் காலி. என்ன கெட்ட செய்தியோ என்று அவசரமாகக் கதவைத் திறந்தேன். சொல்லாமல் யார் வந்தாலும் நான் அப்படித்தான் திறப்பேன், அது வேறு விஷயம்.

"சார், அந்த அமெரிக்காக்காரன் என்னதான் சொல்றான்?" என்றார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"எதைப் பத்தி?"

"வரியப் பத்தித்தான். போடுறானா, இல்லையா?"

தினமும் இரண்டு பேப்பர் வாசிக்கிறவன் நான். புள்ளிவிவரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விடுவேனா?

"போட்டிருக்காங்க. ஆனா கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வச்சிருக்காங்க. சில சாமானுக்கு நிறுத்தல. பேச்சுவார்த்தை நடக்குது. கோர்ட்லயும் ஏதோ கெடக்கு."

வேலுச்சாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் கேட்டது ஒண்ணு. நீங்க நாலு சொல்றீங்க."

என்ன செய்வது? நிலைமையே அப்படித்தான் இருக்கிறது. என் தங்கை மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். அவன் சொல்வான்: "மாமா, வரி இவ்வளவுன்னு சொல்லிட்டா அழுதுகிட்டே கணக்குப் போட்டுருவோம். சொல்லிட்டு மாத்துறாங்க பாருங்க... அப்பத்தான் கை ஓடாது." அங்கே வாங்குகிறவன் ஆர்டரை நிறுத்தி வைக்கிறான். இங்கே முதலாளி நூல் வாங்குவதை நிறுத்தி வைக்கிறார். ஸ்பின்னிங் மில் ஒரு ஷிஃப்டை நிறுத்தி வைக்கிறது. வார இறுதியில் வேன் பிடித்து எங்கள் கொடைக்கானல் ஏரியைச் சுற்ற வருகிற கூட்டம், டூரைத் தள்ளி வைக்கிறது. யாருக்கும் இன்னும் நஷ்டம் வரவில்லை — நஷ்டம் வந்துவிடுமோ என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் வந்த நஷ்டம் இது.

நானும் யோக்கியன் இல்லை. என் பென்ஷன் சேமிப்பில் கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டில் கிடக்கிறது. பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைப் பார்க்கிறேன். பல் தேய்த்த பிறகும் பார்க்கிறேன்.

சரி, வேலுச்சாமிக்கு அமெரிக்கா எதற்கு? அவர் விளைவிக்கிற பூண்டு, மலைக்குக் கீழே இருக்கிற வடுகபட்டி சந்தையைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

அவர் போனை எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். பூண்டு விவசாயிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. 'படிச்சவரு, புரியலைன்னா கேட்டுக்கலாம்' என்று என்னையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மெசேஜில் யாரோ ஒருவர் மூச்சிரைக்கப் பேசினார்: "அமெரிக்கா வரி போட்டதுக்குப் பதிலா எல்லா நாடும் கதவை அடைக்கப் போகுது. இனிமே வெளிநாட்டுப் பூண்டு ஒரு லோடு கூட உள்ள வராது. இருக்கிற சரக்கை இறுக்கிப் பிடிச்சுக்கங்க. விலை எங்கயோ போகப்போகுது!"

யார் இவர்? தெரியாது. எங்கிருந்து பேசுகிறார்? தெரியாது. ஆனால் அந்தக் குரல் மேல்மலை முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. சந்தையில் விலையும் ஏறத் தொடங்கிவிட்டது.

"விலை ஏறினா உங்களுக்கு நல்லதுதானே? அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"சம்மந்தி கூடப் பேச்சுவார்த்தை இல்ல சார்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, வாசகர்களுக்கு மேல்மலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மண்ணில் விளைந்த பூண்டையே மறுபடி அதே மண்ணில் விதையாகப் போட்டால் விளைச்சல் இறங்கும் என்பது இங்குள்ளவர்களின் அனுபவம். அதனால் உயரத்தில் இருக்கிற ஊரும் சற்றுக் கீழே இருக்கிற ஊரும் விதையை மாற்றிக்கொள்ளும். கட்டுக்குக் கட்டு. எடை கிடையாது, விலை கிடையாது. வேலுச்சாமி விதை மாற்றுவது மாரிமுத்துவிடம். கவுஞ்சிக்குக் கீழே ஒரு ஊர் (சம்பந்திச் சண்டை என்பதால் ஊர்ப் பெயர் வேண்டாம்). வேலுச்சாமியின் மகள் செல்வியை மாரிமுத்து மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

அதில் ஒரு சிக்கல், இத்தனை வருடமாக யாரும் சிக்கல் என்று நினைக்காத சிக்கல். கீழே மண் முதலில் பக்குவத்துக்கு வரும். ஆகவே வேலுச்சாமிதான் முதலில் விதை கொடுப்பார். கவுஞ்சியில் மண் பக்குவமாக இன்னும் மூன்று வாரம் ஆகும். அப்போது மாரிமுத்து திருப்பிக் கொடுப்பார். நடுவில் அந்த மூன்று வாரத்துக்கு ஒரு பத்திரம், ஒரு கையெழுத்து, எதுவும் கிடையாது.

இந்த வருடம் வேலுச்சாமி கொடுக்கவில்லை.

"இங்கிட்டு நான் குடுத்துருவேன். அங்கிட்டு விலை தாறுமாறா ஏறி, அவரு தம் பூண்டை எல்லாம் சந்தைக்கு ஏத்திட்டாருன்னா? நான் எதை நடுறது? அதான், 'இந்த வருசம் நீங்க முதல்ல குடுங்க'ன்னு சொல்லி விட்டேன். 'எப்பவும் நீங்கதானே முதல்ல'ன்னு அவரு சொல்லி விட்டாரு. அப்படியே நிக்குது."

நிற்கவில்லை. நகர்ந்திருக்கிறது. மாரிமுத்து கோபத்தில் தன் கேரட் மூட்டைகளை வேலுச்சாமி வண்டியில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார். வேலுச்சாமி பதிலுக்கு, மாரிமுத்துவுக்கு வழக்கமாகக் கொண்டுபோய்ப் போடும் எருவை நிறுத்திவிட்டார். எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதா? எனக்கும் இருந்தது.

கணக்குப் புத்தி சும்மா இருக்குமா? "வேலுச்சாமி, பூண்டு விலை ஏறினா ரெண்டு பேர் பூண்டுக்கும்தானே ஏறும்? இறங்கினா ரெண்டுக்கும் இறங்கும். கட்டுக்குக் கட்டு மாத்துறதுல விலை எங்க வருது?" என்று கேட்டேன்.

"அது சரி சார். ஆனா ஆசை வருதுல்ல?"

எந்தப் புள்ளிவிவரத்திலும் ஆசைக்கென்று ஒரு பத்தி ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை.

"நீங்க கூட வாங்க. படிச்சவரு சொன்னா அவரு கேப்பாரு. இப்பவே போயிட்டு மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து விட்டுர்றேன். வேற சோலி இல்லைல்ல?"

எனக்கு என்ன சோலி... ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறினேன்.

மாரிமுத்து வீட்டு முற்றத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் ஊசி நிற்கவில்லை.

"வாங்க சம்மந்தி. வண்டி வழி தவறி வந்துருச்சோ?"

"கூப்பிட்டாத்தானே வண்டி வரும். ஒங்க கேரட்டு இப்ப வேற வண்டியில போகுதாமே."

"ஆமா. அந்த வண்டிக்காரன் வாடகைதான் கேக்குறான். நான் யோக்கியமான்னு கேக்குறதில்ல." என் பக்கம் திரும்பினார். "சார் எதுக்கு? சாட்சிக்கா?"

"எல்லாத்தையும் எண்ணிப் பாக்குறவரு" என்றார் வேலுச்சாமி.

"எண்ணட்டும். எண்ணுறதுக்கு இங்க என்ன இருக்கு? அந்தா, அரை ஏக்கர் சும்மா கெடக்கு. அதை எண்ணச் சொல்லுங்க."

வீட்டுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் நிலத்தைப் பார்த்தேன். மேலே உள்ள பாத்திகளில் நட்டு முடித்திருந்தார்கள். அதற்குக் கீழே உழுது, எருப் போட்டு, பாத்தி கட்டிய மண் வெறுமனே கிடந்தது. அந்த அரை ஏக்கர், செல்வியும் அவள் புருஷனும் இந்த வருடம் முதல் முறையாகத் தாங்களே குத்தகைக்கு எடுத்தது. குத்தகைப் பணம் முன்கூட்டியே போய்விட்டது. ஈரம் காய்வதற்குள் நட வேண்டும். காய்ந்தால் இந்தப் போகம் போச்சு.

"மேல நட்டது யாரு விதை?" வேலுச்சாமியின் குரல் இறங்கிவிட்டது.

"எம் விதையத்தான் எம் மண்ணுல போட்டேன். விளைச்சல் கொறையும்னு எனக்குத் தெரியாதா? மழை எனக்காகக் காத்திருக்குமா? நீங்கதான் இறுக்கிப் பிடிச்சிக்கிட்டீங்களே."

"நீங்க சந்தைக்கு ஏத்திருவீங்கன்னு..."

"ஏத்தத்தான் பாத்தேன்" என்றார் மாரிமுத்து.

ஊசி இப்போதுதான் நின்றது.

"பொய் சொல்லி என்னாகப்போகுது? நீங்க இல்லைன்னதும் எனக்கும் ஆத்திரம். வடுகபட்டி யாவாரிக்குப் போனே போட்டுட்டேன். மிச்சம் இருக்கிறதைப் பூராம் எடுத்துக்கய்யான்னேன். ஒங்க மக விட்டாத்தானே."

செல்வி டீயோடு வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். டம்ளர்களை வைத்துவிட்டு, "உள்ள வந்து பாருங்கப்பா" என்றாள், அவ்வளவுதான்.

சமையல் கட்டுக்கு மேலே பரண். அடுப்புப் புகை படும்படி விதைப் பூண்டைக் காய்ந்த தண்டோடு கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டிருந்தார்கள். புகையில் என் கண் எரிந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலும் மஞ்சள் துணிக் கிழிசல் ஒன்று முடிந்திருந்தது.

வேலுச்சாமி ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "இது போன தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்த சேலையில்ல? அதுக்குள்ள கிழிஞ்சிருச்சா?"

"கிழியலப்பா. நான்தான் கிழிச்சேன். இது கவுஞ்சிப் பங்கு. அடையாளத்துக்கு."

"மஞ்சத் துணியில யாரு கை வச்சாலும் பொறந்த வீட்டுக்குப் போயிருவேன்னுட்டா" என்றார் மாரிமுத்து பின்னாலிருந்து. "அவ போனா போறா. பேரனையும்ல தூக்கிட்டுப் போயிருவா."

செல்வி சிரிக்கவில்லை. "இந்தப் பரணும் நெறைஞ்சு கெடக்கு. கவுஞ்சிப் பரணும் நெறைஞ்சு கெடக்கு. நெலம் மட்டும் வெறுமனே கெடக்கு. இதுதான் ஒங்க ரெண்டு பேரு வெவரமா?"

"அந்த அரை ஏக்கர்ல இதையாவது நட்டிருக்கலாமே தாயி?" என்றார் வேலுச்சாமி.

"இதை நட்டுட்டா ஒங்களுக்கு ஏது?"

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே கூட்டிக்கொண்டு வந்தார்கள்? இறக்குமதி, ஏற்றுமதி, பரஸ்பர நம்பிக்கை என்று வரும் வழியெல்லாம் மனதுக்குள் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. டீயைக் குடித்தேன்.

வேலுச்சாமி தன் டம்ளரைத் தொடவில்லை. விறுவிறுவென்று வண்டிக்குப் போனார்.

"சார், ஏறுங்க. வெரசா."

"எங்கே?"

"கவுஞ்சிக்கு. வெதைய ஏத்திட்டு வரணும். இன்னைக்கே பல்லு பிரிக்க உக்காந்தா நாளைக்கு நட ஆரம்பிச்சிரலாம்."

மாரிமுத்து முற்றத்திலிருந்து கத்தினார். "அட, வந்த வண்டி காலியாப் போகுது பாருங்க! ஒங்க பங்கை ஏத்திக்கிட்டுப் போங்களேன்!"

"நான் குடுத்துட்டுத்தான் வாங்கணும். அதுதானே வழக்கம்?"

"ஆமாமா, வழக்கம் இன்னைக்குத்தான் நெனப்பு வந்துச்சாக்கும்!"

வண்டி கிளம்பிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். மாரிமுத்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கையில் ஊசி இல்லை. பல் பிரித்துப் போடக் கூடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அரை ஏக்கர் விளையுமா? தெரியாது. சில நாள் தாமதம்தான் என்கிறார் வேலுச்சாமி. சில நாளே பெரிசு என்கிறார் மாரிமுத்து. மேல் பாத்திகளில் சொந்த விதை போட்டதற்கான குறை, அறுவடையில் தெரியத்தான் செய்யும். அதை இனி யார் வந்து பேசினாலும் சரி செய்ய முடியாது.

பாதி வழியில், டவர் கிடைக்கிற வளைவில் வேலுச்சாமியின் போன் அடித்துக்கொண்டது. குரூப்பில் அதே மூச்சிரைக்கிற குரல். வெளிநாட்டுப் பூண்டு பற்றி முன்பு சொன்னது உறுதியான தகவல் இல்லையாம். இருப்பு வைத்திருக்கிறவர்கள் சீக்கிரம் தள்ளிவிடுவது நல்லதாம். விலை இறங்கிக்கொண்டிருக்கிறதாம்.

வேலுச்சாமி வண்டியை ஓரம் கட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். போனை என்னிடம் நீட்டினார்.

"இதுல இருந்து என்னைய எடுத்து விட்டுருங்க சார்."

கண்ணாடியை மாட்டி, எங்கெங்கோ தட்டி, இரண்டு முறை தவறாக யாரையோ கூப்பிட்டு, ஒரு வழியாக விலக்கிவிட்டேன். 'நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்' என்று வந்தது. அவர் கியரைப் போட்டார்.

நான் இன்னும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன். இன்று காலையிலிருந்து பதினோரு வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. பதினொன்றையும் கேட்டேன், இரண்டு தடவை — ஒரு பல் பூண்டு நட ஒரு சாண் மண் இல்லாத நான்!