கல் பெட்டியில் முடிந்த சம்பந்தம்

அந்த ஆளுக்குப் பெட்டிக்காரர் என்றுதான் பேர். சவப்பெட்டி செய்கிறவர். ஒவ்வொரு பெட்டியையும் முடித்ததும் தானே உள்ளே படுத்துப் புரண்டு பார்ப்பார். அடிப்பலகை முனகினால் பிரித்துத் திரும்ப அடிப்பார். "படுக்கிறவன் எழுந்து வந்து குறை சொல்லமாட்டான். நான்தானே பார்க்கணும்" என்பார்.

மகளுக்கு நல்ல இடம் ஒன்று வந்தது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பழகிப் பார்க்கட்டும் என்று, வேன் பிடித்துப் பழைய சர்ச்சுகளைச் சுற்றக் கிளம்பினார்கள். ஏறும்போதே மனைவி காதைக் கடித்தாள். "கட்டில், பீரோ செய்யிறோம்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க வாயில பெட்டிங்கிற பேச்சு வந்துச்சு, இந்தச் சம்பந்தம் போச்சு."

இரண்டு சர்ச்சு வரைக்கும் மனுசன் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதில் கீழே ஒரு நிலவறை. ஆதிக் கிறிஸ்தவர்கள் ஒளிந்து ஜெபம் பண்ணின இடம் என்று சொல்லிவிட்டு, வழிகாட்டி எல்லாரையும் முன்னால் கூட்டிப்போனான். சுவரோரம் மூடியில்லாத கல் பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது.

பெட்டிக்காரருக்கு முதுகு அரித்தது. அக்கம்பக்கம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். தோளுக்குச் சரியான இடம். கால்மாட்டில் தாராளம். குறை சொல்ல முடியாத வேலை.

"என்ன சார் பண்றீங்க?" மாப்பிள்ளையின் அப்பா அவரைத் தேடி வந்து தலைக்கு மேலே நின்றார். ரொட்டிக்கடைக்காரர், உடம்பும் புளித்த மாவு மாதிரி பொங்கினது.

"சும்மா... முதுகு வலி."

"கல்லு குளுகுளுன்னு இருக்குமே."

"சுகமா இருக்கு சார்."

"கொஞ்சம் எழுந்திரிங்க, நானும் பார்க்கிறேன்."

இறங்கினவரால் ஏற முடியவில்லை. கல்லுக்கும் இடுப்புக்கும் நடுவில் தாள்கூட நுழையாது. பெண்கள் ஓடி வந்தார்கள். வழிகாட்டி, "பெட்டியில கீறல் விழக் கூடாது" என்று பதறினானே தவிர, ஆளைப் பற்றிப் பேச்சில்லை.

"தள்ளுங்க" என்றார் பெட்டிக்காரர். ஆளை ஒருக்களிக்க வைத்து, மூச்சை முழுக்க விடச் சொல்லி, அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கு. வெளியே எடுத்த கையோடு, பழக்கதோசத்தில் வாயும் ஓடிவிட்டது.

"உங்களுக்கு இந்த அகலம் பத்தாது சார். கைப்பிடியும் கூடுதலாப் போடணும். நம்ம கடையில உங்க அளவுக்கே ஒரு பெட்டி தயாரா இருக்கு."

மனைவி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ரொட்டிக்கடைக்காரர் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா புருசனை மேலும் கீழும் பார்த்தாள், கல் பெட்டியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றாள்.

"எனக்கு எவ்வளவு அகலம் வேணும், சம்பந்தி?"

பெட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து முணுமுணுத்தாள்.

"குறைச்சே சொல்லுங்க."