நீலத் தொப்பியும் மேஸ்திரி அம்மாவின் டிவியும்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இறந்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் என் பீரோவில் ஒரு நீலத் துணித் தொப்பி இருக்கிறது. எலாஸ்டிக் தளர்ந்து, ஓரமெல்லாம் குளோரின் பட்டு வெளுத்துப் போனது. மேஸ்திரி அம்மாவை மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "எத்தினி பொண்ணுங்கள கைதூக்கி வுட்டுச்சி அந்தம்மா!" நான் பின்னால் நின்றேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். மரியாதையாக 'அவர்' என்று எழுத வேண்டும். கை மறுக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. காசிமேட்டில் ஏலம் முடிந்து வேனில் வரும் இறாலை, திருவொற்றியூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் பின்பக்கம் இருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து உரிப்போம். நாற்பது பெண்கள். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகும். இறாலின் தலைக் கொம்பு குத்தியதுகூடத் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போதுதான் எரியும். கம்பெனிக்கு உள்ளே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், இறாலை அளவு பார்த்துப் பிரிக்கும் அறை இருந்தது. அங்கே இருப்பவர்கள் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, மேஜை முன்னால் நிமிர்ந்து நின்று வேலை செய்வார்கள். அவர்கள் கம்பெனி ஆட்கள். நாங்கள், கிலோவுக்கு இவ்வளவு கமிஷன் என்று ஆள் வைத்து உரித்துக் கொடுத்த மேஸ்திரி அம்மாவின் ஆட்கள். யார் எந்தத் தொட்டி, யாருக்கு எப்போது லீவு, எல்லாம் அவள் வாயில்தான் இருந்தது.

ராயபுரத்தில் அவள் வீட்டில் கலர் டிவி இருந்தது. சாயங்காலம் ஏழரைக்கு ஒரு தொடர் வரும். எங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே போய்விடுவோம். அவள் ஒயர் நாற்காலியில், நாங்கள் தரையில். அன்றைக்கு அதிகமாக உரித்தவளுக்கு ஃபேனுக்கு நேர் கீழே இடம். அது அவள் வைத்த சட்டம். பெரும்பாலும் அந்த இடம் எனக்குத்தான் கிடைத்தது. அதற்காக நான் பெருமைப்பட்டிருக்கிறேன் என்பதை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தொடரில் மூன்று பெண்கள். ஒரே அறையில் வாடகைக்குத் தங்கியிருப்பார்கள். ஒருத்திக்கு வக்கீலாக வேண்டும், ஒருத்திக்கு விமானம் ஓட்ட வேண்டும். மூன்றாமவள் தையல்காரர் மகள். ஒரு பெரிய கம்பெனியில் அதிகாரியாக வேண்டும் என்று வாரா வாரம் அதே வாசலில் போய் நிற்பாள். "வேலை காலி இல்லைன்னு போன வாரமே சொன்னோமே" என்பார்கள். "போன வாரம் சொன்னது போன வாரத்துக்கு. இந்த வாரத்துக்கு இப்பக் கேக்குறேன்" என்பாள். முதல் தடவை அதைக் கேட்டபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கேட்டால் கொடுக்காமல் போகலாம், கேட்டதற்காக யாரும் செத்துவிடுவதில்லை என்பதை அந்தப் பெட்டிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மேஸ்திரி அம்மாவும் அழுவாள். "வாசல்லயே நிக்க வெச்சிட்டானே, பேமானி! பொண்ணு ஒண்ணு மேல வந்தா இவனுங்களுக்கு இன்னா பேஜாரு?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அந்த அழுகையை நம்பித்தான் ஒரு நாள் தொடர் முடிந்ததும் அவளிடம் கேட்டேன். பிரிக்கும் அறைக்கு ஆள் எடுக்கிறார்களாம், என் பெயரைச் சொல்லுங்கள் என்று. ஒரு மாதம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

"இன்னாடி, பொட்டில வர்ற பொண்ணுன்னு நெனப்பா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்ன தோன்றியதோ, குரலை இறக்கினாள். "சரி, திங்கக்கெழம போ. ஆனா உன் கையப் பாத்தியா, வெரலு சந்தெல்லாம் புண்ணு. இதோட போனா தொரத்திடுவான். நல்லா மருதாணி அரைச்சு அப்பிக்கோ, ஆறிடும்."

விரல் புண்ணுக்கு மருதாணி வைப்பது எங்கள் கொட்டகையில் எல்லாரும் செய்வதுதான். அங்கே யாரும் கையைப் பார்ப்பதில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நகம் மூடும்படி அப்பிக்கொண்டேன். கை நன்றாகச் சிவந்தது.

திங்கட்கிழமை கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். தரம் பார்க்கும் சார் ஒவ்வொருவர் கையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையைத் தொடக்கூட இல்லை. "மருதாணியா? சாயம் இறாலில் ஏறும். நகத்துக்கடியில் புண் இருந்தாலும் தெரியாது. யாருமா உன்னை இப்படி அனுப்பினது?" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் ஒரு கல்யாண வீட்டில் எல்லாரும் மருதாணி வைத்துக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி அம்மா தன் அக்கா மகளை மட்டும் வைக்க விடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் அந்தப் பெண் நீலத் தொப்பியோடு உள்ளே இருந்தாள். அன்றைக்கு எனக்குக் காரணம் புரியவில்லை. என்னைவிட வேகமாக உரிக்கும் கை அவள் கூட்டத்தில் கிடையாது. அதை எப்படி விடுவாள்?

சாயங்காலம் கேட்டேன். "தெரிஞ்சுதானேம்மா சொன்னீங்க?"

"நல்லதுக்குத்தான்டி சொன்னேன். புண்ணு ஆறிச்சா இல்லியா? போய் ஃபேனுக்குக் கீழ குந்து" என்றாள். கண் டிவியை விட்டு நகரவில்லை. திரையில் அந்தத் தையல்காரர் மகள் மறுபடியும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மேஸ்திரி அம்மா மூக்கை உறிஞ்சினாள். மனிதர்கள் மேல் எனக்கு அதற்கு முன்னும் கோபம் வந்திருக்கிறது. அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான்.

நான் செய்தது ஒன்றுதான். தொடரில் வந்த அந்தத் தையல்காரர் மகள் செய்ததையே செய்தேன். தோலில் இருந்த சாயம் இரண்டு வாரத்தில் போய்விட்டது. நகத்தில் இருந்தது போகவில்லை. வளர்ந்து வளர்ந்துதான் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் சதை தெரிய நகம் வெட்டுவேன். ஒவ்வொரு திங்களும் கதவுக்கு முன்னால் போய்க் கையை நீட்டுவேன். பேச வராது. கையை மட்டும் நீட்டுவேன். "இன்னும் இருக்கு" என்பார் சார். கொட்டகையில் எனக்கு 'சீரியல்காரி' என்று பேர் வந்தது. மேஸ்திரி அம்மா என்னை வடிகால் ஓரத் தொட்டிக்கு மாற்றினாள். நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை சார் என் பத்து விரலையும் பார்த்துவிட்டு, உள்ளே போய் நீலத் தொப்பி ஒன்றை எடுத்து வந்தார்.

அன்று சாயங்காலம் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். காட்ட வேண்டும் என்றுதான் போனேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏழரை ஆகியிருந்தது. தொப்பியைப் பார்த்தாள். எழுந்து போய் டிவியை அணைத்தாள். "கம்பெனிக்காரிக்கெல்லாம் இங்க எடமில்ல." அந்தத் தொடர் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது அந்தக் கண்ணாடிக் கதவில் கை பார்க்கும் வேலை என்னுடையது. என் தொப்பி வெள்ளை. நான் முன்னுக்கு வந்தது தன்னால்தான் என்று மேஸ்திரி அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அடக்கத்தன்று அவளுடைய மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள சொந்தப் பொண்ணாட்டம் நெனைச்சிகினு இருந்தாங்கக்கா" என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, வெகு நேரம் மடியில் வைத்திருந்த நீலத் தொப்பியை மடித்து மறுபடியும் பீரோவில் வைத்தேன்.

அடுத்த நாள் எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். பிரிக்கும் அறை வேலைக்குக் கை காட்ட, உரிக்கும் கொட்டகையிலிருந்து மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தியின் விரல்களில் மருதாணி இருந்தது. யார் வைக்கச் சொன்னது என்று கேட்டேன். வாரா வாரம் நகத்தை வெட்டிக்கொண்டு, சாயம் போகும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரச் சொன்னேன்.