ஊமைப் படத்துக்கு நான் சொன்ன தமிழ்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஜோகுபாளையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஊமைப் படம் காட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அப்பா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"நடுநடுவுல இங்கிலீஷுல எழுத்து காட்டுவாங்களாம். எம்பொண்ணு படிச்சிச் சொல்லும், வாங்க."

பதினைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் எழுத்து வந்தது. நான் எழுந்து நின்று, "இவர் வேலை தேடிப் பட்டணத்துக்கு வருகிறார்" என்று உரக்கச் சொன்னேன். அப்பா நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பட்டணம் வந்தவன் நீளமான ஏணி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினான். ஏணி ஒரு போலீஸ்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டது. என்ன சத்தம் என்று பார்க்க அவன் மறுபடி திரும்பினான். இந்த முறை போலீஸ்காரரே விழுந்தார். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அடுத்த எழுத்து வந்ததும் நான் எழுந்தேன்.

"மன்னிக்க வேண்டும் ஐயா, நான் வேண்டுமென்றே..."

"உக்காரும்மா, மறைக்குது" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. "அவன் சொல்றதத்தான் அவன் மூஞ்சியே சொல்லுதே."

கோபத்தோடு உட்கார்ந்தேன். போலீஸ்காரர் எழுந்து, தூசியைத் தட்டி, தொப்பியைக் கவனமாக மாட்டிக்கொண்டு, நேராக ஏணியிலேயே மோதினார். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்டியது.

மறுபடி எழுத்து வந்தது. அப்பா மட்டும் விடாமல், "இன்னாம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார்.

கண்ணில் நீர் நிறைந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெரியலப்பா" என்றேன். பத்து வருஷப் படிப்பில் அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.