பட்டினிப் பாத்தி

ஆராய்ச்சிப் பண்ணையில் அவளை எல்லோரும் எருக்காரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் அவள் எருவைப் பார்த்து மூக்கைப் பொத்தினவர்கள் அவள் வாயிலிருந்து தப்பியதில்லை.

எரு தின்ற பாத்திகளில் மண் பொலபொலவென்று இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே போடாத பாத்தியும் ஒன்று உண்டு. அதற்கு அக்கா வைத்த பெயர் பட்டினிப் பாத்தி. வருஷக்கணக்காக அது காய்ந்து கிடப்பது அவளுக்குப் பொறுக்காது. சாப்பாட்டு நேரத்தில் டீச்சக்கையையும் பழத்தோலையும் யாருக்கும் தெரியாமல் அதில் புதைத்துவிடுவாள். பாவம், அதுவும் மண்தானே!

மண்ணைப் புனலில் போட்டு மேலே பல்பை எரியவிட்டால், சூடு தாங்காத பொடிப்பூச்சிகள் இறங்கி அடியிலிருக்கும் பாட்டிலில் விழும். பூச்சி அதிகமென்றால் மண் வளமென்று கணக்கு. இந்த முறை பட்டினிப் பாத்தியின் பாட்டிலில் எள் போட இடமில்லை.

ஆராய்ச்சியை நடத்தும் அதிகாரிக்கு முகம் தொங்கிப்போனது.

“எரு போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சேக்கா. இந்த ஆராய்ச்சியையே இழுத்து மூடிருவாங்க.”

அக்காவுக்குப் பகீரென்றது. வேலை போனால் தொலையட்டும், தான் கிளறிக் கிளறி மட்க வைத்த எருவுக்குப் பழியா? நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

“உங்க புத்தி எங்கக்கா போச்சு? அதைச் சும்மா விடறதுதானே வேலையே!”

தாம்தூமென்று குதித்தவர், தானே மண்வெட்டியை எடுத்துப் பாத்தியைக் கிளறினார். டீச்சக்கை வந்தது. பாதி மட்கிய பழத்தோல் வந்தது. அப்புறம் கை நிறைய முட்டை ஓடு வந்தது.

“சார், நான் முட்டையே தொடமாட்டேனே.”

மண்வெட்டி நின்றது. டாக்டரும் மனைவியும் சேர்ந்து அதிகாரிக்கு முட்டையை நிறுத்தியது பண்ணைக்கே தெரியும்.

“வீட்டுல சொல்லிராதீங்கக்கா,” என்றார் மெதுவாக.

“வீட்டுக்குச் சொல்லல. ஆனா மேல எழுதறப்ப என் பேரோட உங்க பேரையும் போட்டுருங்க.”

வேறு வழியில்லாமல் இரண்டு பெயரையும் போட்டு, பாத்தி கெட்டுப்போனதாக எழுதினார். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் ஆராய்ச்சி பிழைத்தது. இனி வேறொரு பாத்தியைப் பட்டினி போட வேண்டும். எதை என்று அக்காவே சொல்லட்டும் என்றார் அதிகாரி.

கொழுகொழுவென்று கிடந்த பாத்திகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இதற்கு வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது.

“என்னால முடியாது சார். நீங்களே காட்டுங்க.”

அவருக்கும் கை எழவில்லை.